எஞ்சின் நின்று கடலில் இறங்கிய செஸ்னா: ஒன்பது பேரும் வெளியே வந்தும் ஒருவர் எப்படி இறந்தார்?

கடற்காக்கை:
2013 டிசம்பர் 11 அன்று ஹவாயில், மொலகாய் தீவின் கலாவுபாபாவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பிய செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் கடலில் இறங்கியதே, அந்த வீடியோவை நேற்றுதான் பார்த்தேன். பயணி ஒருவரே எடுத்தது. பைலட்டோடு சேர்த்து ஒன்பது பேர், எல்லோரும் உயிரோடு தண்ணீருக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மாநில சுகாதாரத் துறை இயக்குநர் லொரெட்டா ஃபடி மட்டும் இறந்துபோனார். மோதியதில் சாகாதவர் அப்புறம் எதனால் செத்தார்? அடுத்த மாதம் மாலத்தீவு போகிறோம், அங்கே கடல் விமானம்தான். வீட்டில் இப்போதே முறைக்கிறார்கள்.

பழைய மெக்கானிக்:
முதலில் எஞ்சின். பிடி6 என்ற டர்போபிராப், அதாவது டர்பைனால் முன்விசிறியைச் சுழற்றுகிற எஞ்சின், லேசில் நிற்காத ரகம். இதில் கம்ப்ரெசர் டர்பைன் பிளேடுகள் பல முறிந்திருந்தன. எது முதலில் முறிந்தது, ஏன் என்று விசாரணையாளர்களால் சொல்ல முடியவில்லை, சூட்டில் தடயமெல்லாம் உருகிப்போயிருந்தது. எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்று நினைக்காதீர்கள், சறுக்கிக்கொண்டேதான் இறங்கும். ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அது, 61 நாட் (knots), மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வைத்ததே இப்படி மெதுவாக இறங்கினால் ஆட்கள் பிழைப்பார்கள் என்பதற்காகத்தான். கரைக்குத் திரும்பிவிடலாம் என்று பதறி, வேகம் இல்லாதபோது இறுக்கித் திருப்பி ஸ்டால் ஆகிச் செத்தவர்கள் உண்டு. இந்த பைலட் இறக்கையைச் சமமாக வைத்து இறக்கினார்.

வார்டு 7:
பிரேதப் பரிசோதனை முடிவு: அளவுக்கு மீறி வேகமாக மூச்சு வாங்கியதால் வந்த இதயத் துடிப்புக் கோளாறு. பதற்றத்தில் மூச்சு இரைக்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று குறையும், அது உப்புகளின் சமநிலையைக் கெடுத்து இதயத்தின் தாளத்தையே குலைக்கலாம். அவருக்கு வயது 65. அலையடிக்கும் கடலில் மிதந்துகொண்டு, துணை அதிகாரியின் கையைப் பிடித்தபடி இருந்திருக்கிறார். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

சந்தேகப்பிராணி:
ஒபாமா அமெரிக்காவிலேயே பிறக்கவில்லை என்று புரளி ஓடியபோது, அவருடைய பிறப்புச் சான்றிதழை 2011ல் வெளியிட ஒப்புதல் கொடுத்ததே இந்த அம்மாதான். தற்செயலா?

பழைய மெக்கானிக்:
ஐயா, கூட எட்டுப் பேர் பிழைத்திருக்கிறார்கள், ஒருவர் கரைக்கே நீந்திப் போயிருக்கிறார். இங்கே வேண்டாமே. ஃபடி கலாவுபாபா போனது வேலையாக, ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கட்டாயமாக ஒதுக்கிவைத்த ஊர் அது, 1969 வரை அந்தச் சட்டம் இருந்தது, இன்றும் அதைச் சுகாதாரத் துறைதான் பார்த்துக்கொள்கிறது. செங்குத்தான மலையடியில் கிடக்கிற ஊருக்கு விமானம்தான் சுலபமான வழி.

எனக்கு உறுத்துவது வேறு. கிளம்பும் முன் பயணிகளுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்லப்படவே இல்லை. மிதவை அங்கி எங்கே, எப்படி மாட்டுவது என்பதை எஞ்சின் நின்ற பிறகா தேடுவது?

கடற்காக்கை:
சரி, அங்கியை உட்கார்ந்ததுமே ஊதிவைத்துக்கொள்ளலாமா?

பழைய மெக்கானிக்:
கூடவே கூடாது! 1996ல் கொமரோஸ் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதியவர்கள் தண்ணீர் ஏறியதும் கூரையோடு சிக்கி வெளியே வர முடியாமல் போனார்கள். மாட்டிக்கொள்ளுங்கள், கதவைத் தாண்டியதும் ஊதும் கயிற்றை இழுங்கள். மாலத்தீவில் பெரும்பாலும் ட்வின் ஆட்டர் ரகக் கடல் விமானம், அதே பிடி6 எஞ்சின்தான், ஆனால் இரண்டு. வீட்டில் அதைச் சொல்லுங்கள்.

கடற்காக்கை:
சொன்னேன். “அப்போ ரெண்டு நின்னா?” என்கிறார்கள்.