இந்தத் தொங்குபாலம் எங்கே இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள கோல குபு பாருவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ரப்பர் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தாத்தா ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டில் காப்புக் கயிறு. பின்னால் தொங்குபாலம், நடுவில் இரண்டு பலகைகளைக் காணோம். படத்தின் பின்புறம் பென்சிலில் 'ஆத்துக்கரை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாட்டியும் இப்போது இல்லை.

அந்தக் கரை இன்று சிலாங்கூர் ஆற்று அணையின் நீருக்கடியில் இருக்கிறதோ என்பதுதான் என் தவிப்பு. 2000-களின் தொடக்கத்தில் அணை எழுந்தபோது பிரேசர் மலைக்குப் போகும் சாலையையே மாற்றிப் போட்டார்கள். பெரேதாக், கெராச்சி கிராமங்களின் தெமுவான் பழங்குடி மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 1883-இல் பழைய அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோன கதையை இங்கே சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால் அதே ஆற்றில் துணி துவைத்த, மீன் பிடித்த நம் தோட்டத்து மக்களின் கதையை நான் எங்கும் படித்ததில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறக்கும் பலருக்கு வருவது அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

பாலத்தை அடையாளம் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். பழைய படம், கோயில் திருவிழா நோட்டீஸ், சம்பளத் துண்டு எதுவானாலும் ஒரு நகல் போதும். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நேரில் வந்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொள்கிறேன். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.