ஓவர்ஹால் முடிந்த பழைய கார் எஞ்சின், முதல் ஓட்டம்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஈரோடு மார்க்-3:
அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். ரீபோர் (சிலிண்டர் துளையைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (சுழல் தண்டைச் சாணை பிடிப்பது), புது கேம் (வால்வுகளைத் திறக்கிற மேடுகள் உள்ள தண்டு), புது டேப்பட் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்துவது), எல்லாம் முடிந்தது. முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. 2000 ஆர்பிஎம்முக்கு மேலே இருபது நிமிஷம் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். மெக்கானிக் கேட்கவில்லை. "புது எஞ்சின் சார், மிதிச்சா தாங்காது. மெதுவா ஓடட்டும்" என்று ஐடிலிங் (மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம்) ஸ்குரூவை இறக்கி வைத்துவிட்டுக் கார்புரேட்டரை நோண்டிக்கொண்டே இருந்தார். வயசில் பெரியவர், என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டி பார்க்கிறவர்.

கொஞ்ச நாளில் டக் டக் சத்தம். 0.015 இஞ்ச் ஃபில்லர் தகடு வைத்து டேப்பட் இடைவெளியைச் செட் பண்ணினால் மறுபடி தளர்கிறது, அதுவும் ஒரே வால்வு. ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) கவரையும் பிளக்குகளையும் கழற்றிவிட்டுத் தம்பியை எஞ்சினைக் கையால் சுற்றச் சொல்லிப் பார்த்தேன். ஏழு வால்வு ஒரே அளவு இறங்கி ஏறுகிறது. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் பாதியிலேயே நின்று திரும்பிவிட்டது. புது கேம், அதற்குள் தேய்ந்துவிட்டது! அந்த ராக்கர் அசைந்த அசைவு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பத்மினி 1089:
எங்கள் வீட்டுப் பிரீமியர் பத்மினியில் கேம் பிரச்சினை இல்லை, ரிங் (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைக்கும் வளையம்) பிரச்சினை. அப்பா பழைய முறைப்படி பின் கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டி, நாற்பதைத் தாண்டாமல் மாதக்கணக்கில் ஓட்டினார். டாப் கியரில் உருட்டிக்கொண்டே போவார், மேடு வந்தால்கூட மிதிக்க மாட்டார். அவ்வளவு பாசம் அந்த வண்டி மேல்.

ஆயில் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். குபுகுபுவென்று புகை. ஹெட்டைக் கழற்றினால் போர் (சிலிண்டரின் உள்சுவர்) கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஹோனிங் கோடு (ரிங் உட்காரக் கல்லால் போடும் கீறல்) ஒன்றுகூட இல்லை. அப்பா அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்த்து "எவ்வளவு நல்லா தேய்ஞ்சிருக்கு பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

கோவை லேத்:
பத்மினி நண்பரே, பளபளப்பைப் பார்த்ததும் அப்பா ஓட்டியதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படி வந்த ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் போரை நான் அளந்து பார்த்தேன். மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு. ரீபோர் செய்த இடத்திலேயே தப்பு. வண்டிக்காரர் பாவம், தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். ரிங் கேப் (ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) பார்த்தீர்களா? 68 மில்லிமீட்டர் போருக்குக் கால் மில்லிக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஹோனிங் கல் எந்த கிரிட் (சொரசொரப்பு எண்)?

மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். எஞ்சினைப் பூட்டும்போதே ஆயில் பம்புக்குள் வாசலைனை அடைத்துவிடுங்கள், அப்போதுதான் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். கேம் லோபுக்கும் (கேமின் மேடு) டேப்பட் அடிப்பக்கத்துக்கும் அசெம்பிளி பேஸ்ட் (பூட்டும்போது தடவும் கெட்டி மசகு) தாராளமாகத் தடவுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் அடித்து, பிரஷர் மீட்டர் முள் எழுந்து, ராக்கரில் ஆயில் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக் போட வேண்டும். டைமிங், கார்புரேட்டர், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே சரி செய்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஐடிலில் விட்டுவிட்டு டியூனிங் பார்க்கவே கூடாது. கேம் லோபுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் வாரி அடிப்பதில்தான் வருகிறது. ஐடிலில் அது போதாது, ஸ்பிரிங் அழுத்தம் முழுசாக லோபின் மேல். அதனால்தான் 2000-க்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி இருபது, முப்பது நிமிஷம். ஈரோட்டுக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதற்கப்புறம் ரிங். ரிங்கைப் போரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை, எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் போய்த் தள்ளுகிறது. லோடு இல்லாமல் ஓட்டினால் அந்தத் தள்ளல் இல்லை, ரிங் ஹோனிங் கோட்டில் உட்காராமலே ஆயில் சூட்டில் படிந்து போர் மினுமினுத்துவிடும். மூன்றாவது கியரில் 35-லிருந்து 55 வரை நன்றாக மிதித்து இழுங்கள், அப்புறம் காலை எடுத்துவிட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டாப்பில் இழுக்க முடியாமல் திணற விடாதீர்கள். சிந்தெடிக் ஆயில் வேண்டாம், மினரல் போதும். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஹெட் நட்டை ஒருமுறை ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) போட்டுப் பாருங்கள், அதை முடித்தபின்தான் டேப்பட் இடைவெளி.

மதுரை டாக்ஸி:
லேத் அண்ணன் சொல்கிற மாதிரி புது எஞ்சினை மிதித்து இழுக்க எனக்கு மனசு வராது. நாங்கள் மீட்டர் 50-ஐத் தாண்டாமல் ஓட்டிய அம்பாசடர்கள் லட்சம் கிலோமீட்டர் ஹெட்டைக் கழற்றாமல் ஓடியிருக்கின்றன. ஆனால் சவாரி வண்டி. ஐந்து பேர், மேலே கேரியரில் மூட்டை, நாள் முழுக்க மேடும் பள்ளமும். சும்மா இருந்த வண்டி இல்லை.

என் கணக்கில் ஈரோட்டுக்காரருக்குக் கேம் போனதற்கு ஐடிலிங் பாதி, ஆயில் பாதி. இப்போது வருகிற பெட்ரோல் கார் ஆயில்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும் என்று துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய டேப்பட்டுக்கு அதுதான் உயிர். லாரிக்கு ஊற்றுகிற சிஐ-4 தர மினரல் ஆயிலில் அது கூடுதலாக இருக்கும். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேட்டீர்களா?

யாழ் ஏ40:
நீங்கள் ஆயில் தரம் பற்றிக் கதைக்கிறீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், எங்கட மாமா ஒஸ்ரின் ஏ40 ஹயர் காருக்கு ரிங் மாத்தினவர். பெற்றோல் கிடையாது. கார்புரேட்டருக்குள் சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெயில் ஓட்டுறது. புது ரிங் பிடிக்க முன்னமே எரியாத மண்ணெண்ணெய் அதால வடிஞ்சு கீழே இறங்கிவிடும்.

ஒரு காலமை மாமா டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தவர். ஆயில் குறையேல்ல, கூடியிருந்தது. விரலில தொட்டு மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னட்டை நீட்டினவர். அடுப்படி விளக்கு மணம். வடிச்சு ஊத்த வேற ஆயிலும் இல்லை. அந்தக் காரிலதான் அண்டைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்.

ஈரோடு மார்க்-3:
மதுரை அண்ணே, கேட்டேன். கடையில் கைக்கு வந்த பெட்ரோல் கார் ஆயில்தான் ஊற்றியிருக்கிறார். கேமும் எட்டு டேப்பட்டும் சேர்த்தே மாற்றப் போகிறேன். தேய்ந்த லோப் உதிர்த்த இரும்புத் தூள் பேரிங் வரை போயிருக்கும் என்பதால் சம்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி ஆயில் வழிகளையும் முழுசாகக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

பத்மினி 1089:
லேத் அண்ணா, ரிங் கேப் அளந்தோம், சரியாகத்தான் இருந்தது. போரும் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. 220 கல் போட்டு மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் மாட்டினோம். இந்த முறை திண்டிவனம் ரோட்டில் நீங்கள் சொன்னது போலவே மூன்றாவது கியரில் இழுத்து விட்டு ஓட்டினேன். அப்பா பக்கத்தில் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்றே வந்தார். மூடியைத் திறந்தால் இப்போது புகை இல்லை. அவர் மட்டும் இன்னும் நம்பவில்லை, தினமும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறார்.