மகளுக்கு டர்னர் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

காவேரிக்கரை
என் மகளுக்கு 9 வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிரேயர் வரிசையில் முதலில் நிற்பவள் அவள்தான். "அம்மா குள்ளம், பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொன்னதால் விட்டுவிட்டோம். போன மாதம் குழந்தைகள் டாக்டர் கேரியோடைப் டெஸ்ட் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எழுதிக்கொடுத்தார், அதில் 45, எக்ஸ் என்று, அதாவது 46-க்குப் பதில் 45 குரோமோசோம், ஒரே ஒரு எக்ஸ் என்று வந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம், அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுங்கள் என்கிறார். உயரத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? மாமியார் வேறு, நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்கிறார். என்னால் ஏதாவது ஆகியிருக்குமா? படிப்பு பாதிக்குமா? வயசுக்கு வருவாளா?

ஓபி நர்ஸ்
சகோதரி, கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும், அதில் ஒன்று முழுதாகவோ ஒரு பகுதியோ இல்லாமல் போவதுதான் டர்னர். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு உண்டான முதல் சில நாட்களில், செல் பிரிகிற நேரத்தில் தற்செயலாக நடப்பது. நீங்கள் சாப்பிட்டது, உங்கள் வயது, எதுவும் காரணமில்லை. சுமார் 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. இன்னொன்று, மிஞ்சி நிற்கும் அந்த ஒரு எக்ஸ் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, உங்கள் மனசு ஆறட்டும் என்றுதான்.

எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் டர்னர் உள்ள சிலருக்கு இரண்டுதான் இருக்கும், சிலருக்கு அந்தக் குழாயே ஓரிடத்தில் குறுகியிருக்கும். குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது எக்கோ நார்மல் என்று வந்தாலும் பெரியவளான பிறகும் இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே சிறுநீரக ஸ்கேன், தைராய்டு, காது கேட்கும் பரிசோதனை மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அடிக்கடி காதில் சீழ் வருகிறதா? இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

நிலா34
எனக்கும் டர்னர்தான், இப்போது 34 வயது, வங்கியில் வேலை. அறிவில் குறை இருக்குமோ என்று பயப்படாதீர்கள். எனக்குத் தமிழும் வரலாறும் தண்ணீர் பட்ட பாடு, வடிவியல் மட்டும் கடைசி வரை உதைத்தது, மேப் பார்த்து வழி கண்டுபிடிப்பது இன்றைக்கும் கஷ்டம். எங்களில் பலருக்கு இப்படித்தான், கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

வயசுக்கு வருவது பற்றி: சினைப்பை சீக்கிரமே வேலையை நிறுத்திவிடுவதால் பெரும்பாலானவர்களுக்குத் தானாக வராது. 11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜனைச் சின்ன அளவில் தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் மெல்லக் கூட்டுவார்கள், அப்புறம் இன்னொரு ஹார்மோனும் சேரும், பீரியட்ஸ் வரும். எலும்புக்கும் அது தேவை, அதனால் மாத்திரையை நடுவில் விடக் கூடாது. இயற்கையாகக் கர்ப்பமாவது அபூர்வம். தான முட்டை வழியாகப் பெற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு முன் இதயத்தை முழுதாகச் சோதித்தாக வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளிடம் மறைக்காதீர்கள். எனக்கு வீட்டில் யாரும் சொல்லவில்லை, 14 வயதில் பீரோவில் இருந்த ஃபைலைப் பிரித்து நானே படித்தேன், அப்புறம் பல வருடம் அம்மாவிடம் எதையும் மனம்விட்டுப் பேச முடியவில்லை.

ரகு அப்பா
என் பெண்ணுக்கு ஊசி போய்க்கொண்டிருக்கிறது. பேனா மாதிரி இருக்கும், தினமும் ராத்திரி தூங்கும் முன் தொடையிலோ வயிற்றிலோ இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வைத்தால் வீண். எடையைப் பொறுத்து டோஸ் என்பதால் பிள்ளை வளர வளரச் செலவும் ஏறும், முதல் மாத பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் சீக்கிரம் தொடங்கினால்தான் உயரம் நன்றாகக் கிடைக்கும், 9 வயது தாமதமில்லை.

காவேரிக்கரை
எல்லோருக்கும் நன்றி. எக்கோவுக்கு வியாழக்கிழமை தேதி வாங்கிவிட்டேன். நிலா, எதற்கு இந்த டெஸ்ட் என்று இப்போதே கேட்கிறாள், 9 வயதுப் பிள்ளையிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது?

நிலா34
"உன் உடம்பு உயரமாக வளர ஒரு ஊசி உதவி செய்யும், அதற்கு முன் இதயம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், இதற்கு டர்னர் என்று பேர்." இன்றைக்கு இவ்வளவு போதும், மீதியை அவள் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். பேரை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.