லண்டனில் வயசான அம்மா, அப்பாமாருக்கு: பென்சன் கிரெடிட்டும் ஹீட்டிங் காசும்

லண்டனின் மூன்று இடங்களிலிருந்து வந்த ஆலோசனைகள் இவை.

ஹாரோவிலிருந்து:

தனியாக இருக்கும் அம்மா ஒருவருக்குக் கிழமைக்கு 240 பவுண் ஸ்டேட் பென்சன் வருகிறதென்று வையுங்கோ. பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்சன்காரருக்கு அரசு தரும் மேலதிகக் காசு) கேட்டால் இல்லையென்று கடிதம் வரும். 2025-26இல் தனியாளுக்கான கிழமை வருமான எல்லை 227.10, ஆகவே முடிவு பிழையில்லை. பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அதுதான் பெரிய இழப்பு.

முதலில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (அன்றாட உதவி தேவைப்படும் வயசானவர்களுக்கு அரசு தரும் காசு) கேளுங்கோ. வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை. 2025-26 கணக்கில் பகலிலோ இரவிலோ உதவி தேவையென்றால் கிழமைக்கு 73.90, இரண்டிலும் என்றால் 110.40. அது கிடைத்த உடனே பென்சன் கிரெடிட்டைத் திரும்பக் கேளுங்கோ. அவ தனியாக இருந்து, அவவைப் பார்ப்பதற்காக ஒருவரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கு அரசு தரும் காசு) எடுக்காவிட்டால், அதே ஆண்டுக் கணக்கில் எல்லையோடு 82.90 சேர்ந்து 310 ஆகும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸை வருமானமாக எடுக்க மாட்டார்கள். ஆக, பென்சனுக்கு மேல் 70 பவுண் கிரெடிட், அலவன்ஸ் வேறு. அந்தக் கிரெடிட் வந்தால் குளிர்காலக் கதவுகளும் திறக்கும்: கரண்ட் பில்லில் 150 பவுண் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பம் பூச்சியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் 25 பவுண் கோல்ட் வெதர் பேமெண்ட். (இது இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு. ஸ்கொட்லாந்தில் திட்டங்கள் வேறு.)

ஈஸ்ட்ஹாமிலிருந்து:

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மறுக்கப்படுவது பெரும்பாலும் போர்ம் நிரப்பும் விதத்தால். "சமைக்க ஏலாது, வீடு கூட்ட ஏலாது" என்று எழுதிப் பயனில்லை, அதைக் கணக்கிலெடுப்பதில்லை. குளிக்க, உடுப்பு மாற்ற, கதிரையால் எழும்ப, இரவில் கழிப்பறைக்குப் போக, குளிசையை நேரத்துக்கு ஞாபகப்படுத்த என்ன உதவி வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கோ. உதவி தேவை என்பதுதான் கேள்வி. செய்ய ஆளிருக்கா என்பதில்லை. எங்கட ஆக்கள் "நான் சமாளிப்பன்" என்று எழுதிவிடுவார்கள், பார்க்கவே மனம் வருந்தும். அந்தத் தேவை ஆறு மாதமாக இருந்திருக்க வேண்டும். போனில் போர்ம் கேட்டு ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பினால், கேட்ட நாளிலிருந்தே காசு வரும்.

குரொய்டனிலிருந்து:

பிள்ளையோடு இருப்பவர்களும் பென்சன் கிரெடிட் கேட்கலாம். மகனின் சம்பளத்தை அதற்குச் சேர்ப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன 82.90 அங்கே வழமையாகக் கிடைக்காது. கரண்ட் பில் மகன் பெயரில் இருந்தால் 150 பவுணும் போய்விடும். பில்லில் கிரெடிட் எடுப்பவரின் அல்லது அவர் துணையின் பெயர் ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பே இருப்பது நல்லது.

சேமிப்பில் முதல் 10,000 பவுணைப் பார்ப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானமாகப் போடுவார்கள். ஊரில் காணி இருந்தால் மறைக்காதேங்கோ, அதுவும் சொத்துக் கணக்கில் வரும். ஊருக்குப் போய் நாலு கிழமைக்கு மேல் நின்றால் கிரெடிட் பொதுவாக நின்றுவிடும். பிந்திக் கேட்டாலும், தகுதி இருந்திருந்தால் மூன்று மாதம் வரை பின்னோக்கித் தருவார்கள்.

வின்டர் ஃபியூவல் பேமெண்ட் (குளிர்கால ஹீட்டிங் செலவுக்கு வரும் காசு) வேறு. வீட்டுக்கு 200, 80 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் 300. 2025இலிருந்து ஆண்டு வருமானம் 35,000ஐத் தாண்டியவரிடம் வரியாகத் திருப்பி எடுப்பார்கள்.

காசை மிச்சம் பிடிக்க அறையைக் குளிர விடாதேங்கோ. தெர்மோஸ்டாட் 18 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. கொம்பி பொய்லர் (தாங்கி இல்லாமல் நேரே சுடுதண்ணி தருவது) என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60க்குக் குறையுங்கோ. அறைச் சூடு மாறாது, காஸ் குறையும். சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் மட்டும் தாங்கியை 60க்குக் கீழே இறக்காதேங்கோ, கிருமி வளரும்.