சுண்டிக்குளத்துப் பூநாரை, பாலைமரத்துக் கரடி: பிள்ளைகளோடு படம் எடுக்கப் போன அனுபவங்கள்

கோண்டாவில் அப்பா

காட்டையும் பறவைகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் தெற்கே யால தேசியப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்திலேயே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2015 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். விடியப்புறம் வெளிக்கிட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

மார்கழி விடுமுறையில் நாங்களும் மாமியும் அண்ணையின் பிள்ளைகளுமாக ஒரு வான் பிடித்துப் போனோம். பளைப் பக்கத்தால் மருதங்கேணிக்கு இறங்கி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கடற்கரையோரமாகவே வழி போகிறது. உடுத்துறையில் சுனாமி நினைவாலயத்தடியில் மாமி வானை நிற்பாட்டச் சொன்னா. இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

சரி, படம் எடுக்கும் கதைக்கு வருகிறேன். சுண்டிக்குளத்தில் கிழக்கே கடல், மேற்கே களப்பு. காலையில் கடல் பக்கமாக நின்று களப்பைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைகளின் மேல் வெளிச்சம் நேராக விழும். இது படம் எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது காற்றை. பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், இறங்குவதும் அப்படித்தான். மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது வெளிச்சத்தோடு காற்றும் உங்கள் பின்னாலிருந்து வருகிறது. அதனால் எழும்புகிற பறவை முகத்தை உங்கள் பக்கம் காட்டியபடிதான் எழும்பும். ஓய்வாக நிற்கிற பறவையும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காலத்தில் இதே இடத்தில் நின்றால் முதுகும் வாலும்தான் கிடைக்கும், அந்த மாதங்களில் வலசை வந்த பறவைகளும் பெரும்பாலும் இராது.

பூநாரைகள் தூரத்தில் நின்றன. தொலைநோக்கியை மகளிடம் கொடுத்துவிட்டு, நடப்பதை எல்லாம் சொல்லச் சொன்னேன். தலையைத் தலைகீழாகத் தண்ணிக்குள் விட்டபடி, காலால் சேற்றை மிதித்து மிதித்து ஒரே இடத்தில் சுற்றுவதை அவள்தான் முதலில் கண்டாள். சேற்றைக் கலக்கி, மேலே வருகிற சின்ன உயிர்களையும் பாசியையும் சொண்டால் வடித்து எடுக்கின்றன. அந்தத் தீனில் உள்ள நிறமிதான் இறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நின்றவை வேறு இனமா என்று கேட்டாள். அவை குஞ்சுப் பருவம் தாண்டி இன்னும் நிறம் ஏறாத இளசுகள்.

அப்போதுதான் இன்னொரு வானும் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தன. வந்த பெடியள் அந்த மோட்டார் சைக்கிளைச் சேற்று வெளிக்குள் இறக்கிக் கூட்டத்தை நோக்கி ஓட்டினார்கள். பறக்கிற படம் வேண்டுமாம். எல்லாம் ஒன்றாக எழும்பின. படத்தில் அது வடிவாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பறவைகள் வந்ததே தின்பதற்கு. உடம்பில் கொழுப்புச் சேர்த்தால்தான் திரும்பிப் பறக்க முடியும். ஒருமுறை கலைத்தால் காலைத் தீன் கெட்டுவிடும். ஒரு நாளில் இப்படி எத்தனை பேர் கலைக்கிறார்களோ? எனக்கு அன்று உண்மையாகவே கோபம் வந்தது. போய் அவர்களிடம் சொன்னேன். அதில் ஒரு தம்பி நின்று கேட்டார். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தும் விட்டார்.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் அசையாமல் இருந்தோம். பிள்ளைகள் பொறுமையாக இருக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள்தான் பயப்படுகிறோம், ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் இருப்பார்கள். பறவையின் தலை நிமிர்ந்தால் எங்களைக் கண்டுவிட்டது, எல்லாத் தலையும் நிமிர்ந்து ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் எழும்பப் போகிறது என்று சொல்லிக் கொடுத்து, "தலை நிமிர்ந்தால் சொல்லு" என்றேன். சின்னவன் காவல்காரன் ஆகிவிட்டான். நெடுங்கால் உள்ளான்கள் தாமாகவே மேய்ந்து மேய்ந்து மிகக் கிட்ட வந்தன. தண்ணியில் விழுந்த நிழலோடு சேர்த்து, அந்தச் சிவந்த கால்களை முழுதாக எடுத்தேன். முழந்தாளில் இருந்துதான் எடுத்தேன், பறவையின் கண் மட்டத்துக்குக் கமரா இறங்கினால் படமே மாறிவிடும்.

ஒன்பது மணிக்குப் பிறகு வெட்டவெளியில் கானல் எழும்பத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான லென்ஸ் என்றாலும் தூரத்துப் படம் நடுங்கித்தான் வரும். கமராவைப் பையில் வைத்துவிட்டு பிட்டும் சம்பலும் சாப்பிடலாம்.

முக்கியமாக ஒன்று. போகிற வழியில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை நீண்ட காலமாக நடந்த மண் எங்களுடையது. நல்ல படத்துக்காகப் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை கண்டால் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுங்கள்.

வன்னி மச்சான்

நாங்கள் ஆனி மாதம் வில்பத்துவுக்குப் போனோம். யுத்தத்தால் நீண்ட காலம் மூடிக் கிடந்து 2010 இல் திரும்பத் திறந்த பூங்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்கள் அனுராதபுரத்தில் இரவு தங்கி, விடியப்புறம் ஹுனுவிலகம வாசலுக்குப் போவது வசதி.

ஆனி என்றால் பாலைப்பழக் காலம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வீதியோரம் வாங்கி வாய் பிசுபிசுக்கச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை. சிறுத்தை பார்க்கத்தான் எல்லா ஜீப்பும் ஓடின. எங்கள் ஜீப் ஓட்டிய அண்ணை மட்டும் ஒரு பாலைமரத்தடியில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கொப்பு ஆடுகிறதைக் கேளுங்கள் என்றார். காற்று இல்லை, ஆனால் ஒரு கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தால் மேலே கரடி. கொப்பை வளைத்து வாயால் பழத்தை உருவி உறிஞ்சுகிற சத்தம் கீழே வரை கேட்டது.

பின்னால் வானம் வெளித்திருந்ததால் முதலில் எடுத்த படங்களில் கரடி கரிக்கட்டியாகத்தான் தெரிந்தது. மனைவி போனில் எடுத்தா. திரையில் கரடியின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை மேலே கூட்டினா. வானம் வெளிறிப் போனது, அதனால் ஒரு நட்டமும் இல்லை. நெஞ்சில் இருக்கும் அந்த வெள்ளை வளைவும் நீண்ட நகங்களும் தெளிவாகத் தெரிந்தன. கமராவிலும் இதே வேலையைச் செய்யலாம், வெளிச்ச ஈடு (exposure compensation) என்று ஒரு பொத்தான் இருக்கும்.

கரடி இறங்கத் தொடங்கியதும் அண்ணை ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். இன்னும் கொஞ்சம் நிற்கலாமே என்று என் தம்பி கேட்டான். இறங்குகிற வழியை மறித்தால் கரடி பயப்படும், பயந்த கரடி பொல்லாதது என்றார். வில்பத்துவில் அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நெடுந்தீவு மருமகள்

எங்கள் தீவிலும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, அதுவும் 2015 இல் அறிவித்ததுதான். குதிரைகளைப் படம் எடுக்க வருகிற குடும்பங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகு பிடித்து, வந்து இறங்க வெயில் ஏறிவிடும். பெருக்குமரம், கோட்டை, குதிரை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகுக்கு ஓடுகிறார்கள். உச்சி வெயிலில் எடுத்த குதிரைப் படம் தட்டையாகத்தான் இருக்கும். ஓர் இரவு தங்குங்கள். பொழுது சாய்கிற நேரம் முருகைக்கல் மதில்களுக்கு நீண்ட நிழல் விழும். அந்த நேரம் வெளியில் குட்டியும் தாயும் மேய்கிறதை எடுக்கலாம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இவை. இப்போது யாருக்கும் சொந்தமில்லை. கோடையில் தண்ணிக்குப் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்கிறோம். தண்ணித்தொட்டியடியில் நின்றால் கட்டாயம் படம் கிடைக்கும், அதனால்தான் அங்கே கூட்டமாக நிற்க வேண்டாம் என்று கேட்கிறேன். மனிதர் நின்றால் குதிரை தூரத்திலேயே நின்றுவிடும், தாகத்தோடு. தள்ளி நின்று, அது குடித்து முடித்துத் தலையைத் தூக்கும்போது எடுங்கள். வாயில் இருந்து தண்ணி சொட்டும், அதைவிட நல்ல படம் வேறு வேண்டாம். பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்க ஆசைப்படுவார்கள். அதையும் விட வேண்டாம். அப்புறம் ட்ரோன்: தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. அந்தச் சத்தத்துக்குக் குட்டிகள் கலைந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உரும்பிராய் தங்கச்சி

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நடக்க மாட்டா. அவவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கோண்டாவில் அப்பா

தாராளமாகப் போகலாம், தங்கச்சி. நிற்கிற வாகனத்துக்குப் பறவை பயப்படுவது குறைவு, எழும்பி நடக்கிற ஆளைக் கண்டுதான் பயப்படும். அம்மா வானில் யன்னலோரம் இருந்தால் எங்களைவிடக் கிட்டவே பார்ப்பா. எஞ்சினை நிற்பாட்டி, கதவைத் திறக்காமல், யன்னலில் ஒரு துவாயை மடித்து வைத்து அதன் மேல் போனை ஊன்றிக்கொள்ளுங்கள்.

போனால் தூரத்துப் பறவையை இழுத்து எடுக்க வேண்டாம், புள்ளி புள்ளியாக வரும். யாரிடமாவது தொலைநோக்கி இரவல் வாங்கி, அதில் கண்ணை வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் போனின் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் ஆச்சரியப்படுகிற மாதிரி வரும். முதலில் வட்டமாகக் கறுப்பு விளிம்பு தெரியும். கொஞ்சம் பெருப்பித்தால் போய்விடும். கை பழகும் வரை வீட்டுக் கிணற்றடிக் காகத்தில் பழகுங்கள்.

சுண்டிக்குளம் தூரம் என்றால் முதலில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். வீதியோரமே கொக்கும் உள்ளானும் செம்பருந்தும் வரும், அம்மா இறங்கவே தேவையில்லை. மாசி, பங்குனியில் களப்பில் தண்ணி வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணியில் பறவைகள் கூடும். சுண்டிக்குளத்துக்கு அந்த நேரம் நாங்கள் திரும்பப் போகிறோம். வானில் இரண்டு இருக்கை இருக்கும். வருவதென்றால் முதல்நாளே சொல்லுங்கள், அம்மாவுக்கு முன் இருக்கையை ஒதுக்கி வைக்கிறேன்.