லேக் வியூ ரோட்டில் ஏரியைத் தேடி நடந்தோம்: இதனால் யாருக்குப் பயன்?

லேக்வியூ மங்கை எழுதியது:

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சென்னை மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டிலிருந்து இருபது பேர் நடந்தோம். ஒரு தன்னார்வக் குழு ஏற்பாடு செய்த நகர நடை. கட்டணம் கிடையாது. வழிகாட்ட வந்தவர் பழைய வரைபடத்தின் நகல் ஒன்றை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்துக் காட்டினார். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது ஓர் ஏரி. ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றே அழைத்திருக்கிறார்கள். 1920-களில் அதை வற்றவைத்து மனை போட்டதில் எழுந்ததுதான் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் எங்கள் தெருவின் பெயரும் அந்த ஏரி விட்டுப்போன மிச்சங்கள்.

31 ஆண்டுகளாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். ஏரி எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மோட்டார் போடவில்லை என்று திட்டுவேன், அவ்வளவுதான். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் மிதந்தபோது, தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

அன்று மாலையே நகரத் திட்டமிடல் பற்றி ஒரு பேச்சு இருந்தது. கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “இத்தனை நடை நடந்தீர்களே, ஒரு முழ நடைபாதையாவது கூடியிருக்கிறதா?” என்று கேட்டார். மேடையிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பயன் உண்டு என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். இருந்ததே தெரியாத ஏரிக்காக யார் வாதாடுவார்கள்? மற்றவர்கள் சொல்லுங்கள்.

கண்ணகி நகர்வாசி எழுதியது:

பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி, அம்மா. உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் நடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஆற்றங்கரையிலிருந்து எங்கள் குடும்பத்தைப் பெயர்த்து, சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டபோது எனக்கு 11 வயது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள குடியிருப்பு இது. 2020-ல் எங்கள் கட்டடச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். அழகாகவே இருக்கின்றன. அதன்பின் கேமராவுடன் குழுக்கள் வர ஆரம்பித்தன. எந்த ஓவியர், எந்த ஊர், எத்தனை நாள் ஆனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

என் அம்மா மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். எங்களுக்கு வீடு மாறியது, வேலை மாறவில்லை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறார். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது வராத நாளில் கூலி என்ன ஆகிறது என்று வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சுவரைப் பார்த்தார்கள், கீழே குடத்துடன் நின்றவரைப் பார்க்கவில்லை. நகரத் திட்டமிடல் என்றால் எனக்கு அந்த ஐந்து மணி பஸ்தான்.

பழைய வரைபடம் எழுதியது:

கண்ணகி நகர் நண்பரின் வேதனை புரிகிறது. ஆனாலும் நடையும் பேச்சும் வெற்று வேலை என்ற முடிவை என்னால் ஏற்க முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் நகரத் திட்டமிடலே அப்படித்தான் தொடங்கியது.

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மேல் குண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நம் பேச்சில் எம்டன் என்பதே கில்லாடிக்கு மறுபெயராகிவிட்டது. அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் வந்துகொண்டிருந்தது பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து நகரத் திட்டமிடல் அறிஞர் தயாரித்த நகரக் கண்காட்சி. ஊர்களின் வரைபடங்கள், படங்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்தவை எல்லாம் கடலோடு போயின. மனிதர் ஒடிந்துபோகவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்தின் ஊர் ஊராகப் போய்த் தெருத் தெருவாக நடந்தார். நெருக்கமான குடியிருப்பின் குறுக்கே நேர்க்கோட்டுச் சாலைகள் போட்டு வீடுகளை வரிசையாக இடிப்பதுதான் அன்றைய பொறியாளர்களின் வழி. தஞ்சாவூர் அறிக்கையில் கெடிஸ் அதை மறுத்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, சந்துகளைக் கொஞ்சம் விரித்து, நடுவில் ஒரு திறந்தவெளியும் மரநிழலும் விட்டால் போதும், குடியிருப்பவர்களைத் துரத்த வேண்டாம் என்றார். வரைபட மேசையில் உட்கார்ந்து இது தெரிந்திருக்காது. எந்தச் சுவர் விழப்போகிறது, எந்த வேப்பமரத்தடியில் கிழவிகள் உட்காருகிறார்கள் என்று நடந்தால்தான் தெரியும். 1920-ல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதற்கு முன்னே மக்கள் நடுவே நடந்தவை கண்காட்சியும் பேச்சும் நடையும்தான்.

நடைபாதைக்கடை எழுதியது:

ஐயா, கெடிஸ் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அவரை அழைத்தவர் யார்? கவர்னர் பென்ட்லண்ட். கெடிஸின் அறிக்கை நேரே அரசாங்கத்தின் மேசைக்குப் போயிற்று. ஞாயிறு நடைக்கு வருகிறவர்கள் பார்த்தது எந்த மேசைக்குப் போகிறது?

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு நடைக்குழு எங்கள் கடைவீதிக்கு வந்தது. கையில் அளவு நாடா, கழுத்தில் கேமரா. நடைபாதையின் அகலத்தை அளந்து ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினார். எனக்கு இரண்டு கடை தள்ளிப் பூ விற்கும் அக்கா நாடாவைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டிக்கொண்டிருந்த கனகாம்பரத்தை நாரோடு கூடைக்குள் போட்டு, ஈரத்துணியை மூடி, கூடையைத் தலையில் ஏற்றிவிட்டார். பாதி கட்டிய சரம் கூடைக்கு வெளியே தொங்கியது. நாங்கள் பார்த்தவரையில், நாடா பிடித்து வந்தவர்களுக்குப் பின்னால் கடைகளை அள்ளிப்போக லாரி வந்திருக்கிறது. அந்தக் குழுவினர் நல்லவர்கள், படித்த பிள்ளைகள். ஆனால் ஏன் அளக்கிறோம் என்று எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கு அன்றைய வியாபாரம் போயிற்று.

அளவுநாடா எழுதியது:

நடைகளில் அளவு நாடா பிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மா கூடையைத் தூக்கியதைப் படித்தபின் இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் குழுவாகவும் இருந்திருக்கலாம். முதலில் கடைக்காரர்களிடம் பேசியிருக்க வேண்டும். அதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அளப்பதைக் கைவிடமாட்டேன். நடப்பதற்கு மட்டும் 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்கு அளவுவிதிகள் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. எங்கள் தெருவில் மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நான் அளந்தது 62 சென்டிமீட்டர். பார்வையற்ற என் அண்டை வீட்டுக்காரர் அந்த இடத்தில் நடுரோட்டில் இறங்கி நடக்கிறார். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் தருவதாகச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. அப்படி ஒன்று இருப்பதே ஒரு பேச்சில்தான் எனக்குத் தெரியவந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய மனுவுக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெட்டி இன்னும் நகரவில்லை. இரண்டாவது மனு போட்டிருக்கிறேன். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்ததே, அதுவும் பலர் பல காலம் கேட்டு வந்ததுதான்.

நடைபாதைக்கடை எழுதியது:

பாண்டி பஜாரை எடுத்துக்காட்டாதீர்கள். 2013-லேயே அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். கீழே நடப்பவரின் கண்ணில் பட்டால்தானே சீப்பும் ஹேர்பின்னும் விற்கும்? மாடிப்படி ஏறி வந்து யார் ஹேர்பின் வாங்குவார்கள்? 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தில், தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கேட்ட பேச்சுகளில் எத்தனையில் இதைச் சொன்னார்கள்?

உங்கள் மனு நல்ல காரியம்தான். பார்வையற்றவருக்கு வழி வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் 1.8 மீட்டர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், மின்பெட்டியை நகர்த்துவதைவிடப் பூக்கூடையைத் தூக்குவது அவர்களுக்குச் சுலபம். எங்களைச் சேர்க்காமல் எழுதும் எந்த மனுவையும் நான் நம்பமாட்டேன்.

பழைய வரைபடம் எழுதியது:

இதை ஏற்கிறேன். ஹேர்பின் விற்கும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைவிடத் தெளிவான திட்டமிடல் பாடத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. சென்னையின் வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026 வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாம் திட்டத்தில் இந்த வாக்கியம் இருக்க வேண்டும். கருத்துக் கேட்பில் நீங்களே எழுந்து சொல்ல வேண்டும்.

லேக்வியூ மங்கை எழுதியது:

ஏரியைப் பற்றித் தொடங்கினேன், ஐந்து மணி பஸ்ஸில் வந்து நிற்கிறேன். கண்ணகி நகர்த் தம்பி, ஒன்று கேட்கலாமா? அடுத்த நடையை உங்கள் வீட்டு வாசலில் தொடங்கினால் என்ன? மந்தைவெளி வரை அம்மாவோடு நாங்கள் வருகிறோம். வழிகாட்டி அவர்தான். வரைபடம் வேண்டாம், கேமரா வேண்டாம். அவர் சம்மதித்தால் மட்டும்.

கண்ணகி நகர்வாசி எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார், என்னைப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். இரவு சாப்பிட்டு முடித்தபின் அவராகவே பேச்சை எடுத்தார்.

ஞாயிறு ஆகாது, அன்று வேலை வீடுகளில் விருந்தாளிகள் வருவார்கள். புதன்கிழமை வரச் சொல்கிறார். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், பஸ்ஸில் அவர் வழக்கமாக உட்காரும் இடம் போய்விடும். வேலைக்கு அரை மணி தாமதமானால் வீட்டுக்காரர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பணம் வேண்டாம் என்றார், நான் வேண்டும் என்றேன். வழிகாட்டிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள்.

நாலே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி அருகே நில்லுங்கள். தெருவிளக்கு எரியாது, டார்ச் கொண்டு வாருங்கள்.