80 மீட்டரில் ஃபெரைட், 2 மீட்டரில் கோஆக்ஸ்: சூடு எங்கே பிடிக்கிறது?

பதிவு 1
அமெச்சூர் ரேடியோவில் அதிர்வெண் ஏறினால் சூடும் ஏறும் என்பது கோஆக்ஸ் கேபிளுக்கு (ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்குப் போவது) சரி. ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வளையத்தில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் நேர்மாறு. ஒரு முனையில் பவர் ஊட்டும் எண்ட்-ஃபெட் ஆண்டெனாவை 50 ஓம் லைனுக்குப் பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மரையே பாருங்கள். ஒற்றை எஃப்டி240-43 (2.4 அங்குலம், 43 எண் ஃபெரைட் கலவை) வளையத்தில் பிரைமரி 2 சுற்று, செகண்டரி 14 சுற்று. 20 மீட்டர் அலைநீள பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ்) சமாளித்துவிடும். 80 மீட்டரில்? அந்த 2 சுற்றின் இண்டக்டன்ஸ் சுமார் 4.3 மைக்ரோஹென்றிதான், 3.5 மெகாஹெர்ட்ஸில் 95 ஓம் அளவுக்குத்தான் தடுக்கும். 50 ஓம் லைனுக்குக் குறுக்கே இது பற்றாது, பவரில் ஒரு பங்கு வளையத்திலேயே எரியும்.

அடையாளம் எளிது: 1.3-இல் நின்ற எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தத்தைக் காட்டும் அளவு, 1 என்றால் கச்சிதம்) டிரான்ஸ்மிட் கீயைப் பிடித்த ஓரிரு நிமிடத்தில் மெல்ல ஏறும், ஆறவிட்டால் இறங்கும். கோளாறு ஆண்டெனா நீளத்தில் இல்லை, அதைக் கத்தரிக்கப் போய்விடாதீர்கள். 43 கலவை 130 டிகிரி வாக்கில் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும். மழைக்காக இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டி சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும்.

இரண்டு வளையங்களை அடுக்கி அதே 2:14 சுற்றுங்கள். ஒற்றை வளையத்தில் 3:21 சுற்றினாலும் 80 மீட்டர் தேறும், ஆனால் 10 மீட்டர் கெடும்.

பதிவு 2
பிரைமரிக்குக் குறுக்கே போடும் 100 பிகோஃபாரட் கெபாசிட்டரை விட்டுவிட்டீர்களே. அது 10 மீட்டரில்தான் சுடும். 100 வாட்டில் அதில் பாயும் மின்னோட்டம் 3.5 மெகாஹெர்ட்ஸில் 0.16 ஆம்பியர், 28-இல் 1.2-க்கு மேல். மலிவான டிஸ்க் செராமிக் வேண்டாம். சில்வர் மைக்கா அல்லது என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத செராமிக்), 1 கிலோவோல்ட்.

பதிவு 3
145 மெகாஹெர்ட்ஸில் (2 மீட்டர் பேண்ட்) 10 மீட்டர் நீள ஆர்ஜி-58 கோஆக்ஸ் ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். 50 வாட் அனுப்பினால் 18 வாட் வழியிலேயே போச்சு. நீளம் முழுக்கப் பரவுவதால் கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிவது பிஎல்-259 கனெக்டரில் கேபிளின் செம்புப் பின்னல் சரியாக ஈயம் பிடிக்காத இடம். அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 5.5 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது, 3.5-இல் 35 மைக்ரான். கறுத்த பின்னலைச் சுரண்டாமல் பற்றவைத்தால் பயனில்லை.

பதிவு 4
எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் முறை) ஆட்கள் கவனத்துக்கு: 15 விநாடியில் 12.64 விநாடி முழு கேரியர். 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுத்து 100 வாட் தரும் ரிக்கில் (டிரான்ஸீவர்) 176 வாட் வெப்பம். 30–40 வாட்டுக்கு இறக்குங்கள். டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) ஒரே பவருக்கு 7 மெகாஹெர்ட்ஸிலும் 50 மெகாஹெர்ட்ஸிலும் ஆம்பியரைக் குறித்துப் பாருங்கள். பல ரிக்குகள் 50-இல் கூடுதலாக இழுக்கும்.